மோஷனை ஆஃப் பண்ணேன், ரெக்கார்டிங்கும் போச்சு! ஏற்காடு எஸ்டேட், 16 கேமரா

மலைக்காப்பி (ஏற்காடு) | நவம்பர் 8, காலை 7.15

நாகலூர் பக்கம் எங்க எஸ்டேட். காப்பியும் மிளகும். களம், குடோன், பங்களா வாசல், லைன் வீட்டுப் (தொழிலாளர் குடியிருப்பு) பாதைன்னு மொத்தம் 16 கேமரா. ராத்திரி முழுக்க போன் அடிச்சு உயிரை வாங்குது. பூச்சி பறந்தா அலாரம், பனி இறங்கினா அலாரம். வெறுத்துப்போய் மோஷன் டிடெக்‌ஷனை மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன். போன வாரம் குடோன்ல, விலை ஏறட்டும்னு வச்சிருந்த மிளகுல சில மூட்டையைக் காணோம். தேடிப் பார்த்தா அந்த ராத்திரி ரெக்கார்டிங்கே இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த அலாரம்ங்கிறதே ஏமாத்து வேலை. எந்த பிராண்டுக்கு மாறலாம்?

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 8, இரவு 9.50

பிராண்டை மாத்தி ஒண்ணும் ஆகப் போறதில்லீங்க. ரெக்கார்டிங் ஷெட்யூல் பக்கத்தைத் திறங்க. ஏழு நாள், 24 மணி நேரம்னு ஒரு கட்டம் இருக்கும். அது தொடர் பதிவு நிறத்துல இருக்கா, அசைவுப் பதிவு நிறத்துல இருக்கா பாருங்க. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எது எதுன்னு அங்கேயே போட்டிருப்பான். உங்களுது அசைவுப் பதிவுலதான் இருக்கும்னு பந்தயம் கட்டுறேன். டிஸ்க் மிச்சமாகட்டும்னு மாட்டினவர் அப்படி வச்சுட்டுப் போயிருப்பார். அசைவு தெரிஞ்சாத்தான் பதிவு ஓடும். நீங்க அசைவு பார்க்கிறதையே நிறுத்திட்டீங்க. அப்புறம் பதிவை யாரு கிளப்புறது?

கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, பதிவு பண்றது ஒரு வேலை, ஆளை எழுப்புறது ஒரு வேலை. மெனுவுல இது மூணும் ஒரே பக்கத்துல பக்கம் பக்கமா டிக் பெட்டியா இருக்கிறதால எல்லாம் ஒண்ணுன்னு தோணுது. நீங்க எடுத்திருக்க வேண்டியது போனுக்கு அனுப்புற டிக்கை மட்டும். மோஷனை இப்பவே ஆன் பண்ணுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 8, இரவு 10.20

இன்னொண்ணு. டிவிஆரை (கேமராப் படத்தைப் பதியுற பெட்டி) யாரும் பார்மட் பண்ணிடாதீங்க. மிளகு போன ராத்திரி மட்டும்தான் காலியா, மோஷனை ஆஃப் பண்ண நாள்ல இருந்தே காலியான்னு பாருங்க. ரெண்டாவதா இருந்தா நான் சொன்னது சரி. அந்த ஒரு ராத்திரி மட்டும் காலின்னா அது வேற கதை, கரண்ட் பக்கம் பார்க்கணும்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 9, காலை 6.40

ஆஃப் பண்ண நாள்ல இருந்தே காலின்னு மலைக்காப்பி எழுதியிருக்கார். சரி.

'தொடர் பதிவு வச்சா டிஸ்க் தாங்காது'ன்னு பட்டறைத்தம்பி கேட்டிருக்கார். கணக்குப் போட்டுரலாம். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் வேகத்துல அனுப்பினா ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. எச்.265ங்கிற, படத்தை நல்லாச் சுருக்குற முறையில வச்சு 2 எம்பிபிஎஸ்க்கு இறக்கினா 21.6 ஜிபி. 16 கேமராவுக்கு 345.6 ஜிபி. 8 டிபி டிஸ்க் போட்டா 23 நாள் வரும். எஸ்டேட்டுக்கு இது தாராளம். மிளகு மூட்டை குறையுறது ஒரு வாரத்துல தெரிஞ்சிரும். காப்பி குடோன்னா கொஞ்சம் லேட்டாகும், க்யூரிங்குக்கு (தோல் நீக்கிப் பதப்படுத்துறதுக்கு) அனுப்புறப்போ எடை போட்டாத்தான் குறையுறது தெரியும். அதனால குடோன் கேமராவுக்கு மட்டும் நாள் கூட்டி வைக்கலாம்.

பனி அடிக்கிற இடத்துல மாறும் பிட்ரேட்டை (படத்துல அசைவு கூடினா அனுப்புற வேகமும் தானாக் கூடுறது) சும்மா அவுத்து விடாதீங்க. மூடுபனியும் மழையும் படத்துல ஒவ்வொரு புள்ளியையும் ஆட்டும், கோப்பு வீங்கும். உச்சவரம்பு போட்டு வைங்க.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 9, இரவு 11.05

இப்ப அலாரம் ஏமாத்து வேலைங்கிற பேச்சுக்கு வர்றேன்.

புது இடத்துக்கு வேலைக்குப் போனா, கேமரா எங்க மாட்டுறதுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்பேன்: ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சா யாரு எந்திரிச்சுப் போவாங்க? முக்கால்வாசி இடத்துல பதில் வராது. 'வாட்ச்மேன் இருக்காருங்க'ம்பாங்க. வாட்ச்மேன்கிட்ட போன் இருக்கா, அந்த ஆப் இருக்கான்னா இருக்காது. முதலாளி சேலத்துல அஸ்தம்பட்டியில தூங்குறார், எஸ்டேட் மேலே இருக்கு, நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. அவர் போன்ல அடிச்சு என்ன பிரயோஜனம்? அவர் மறுபடி வாட்ச்மேனுக்குப் போன் போடணும்.

பெரிய ஆலைகள்ல கட்டுப்பாட்டு அறை அலாரத்துக்கு ஈஈஎம்யுஏ 191னு ஒரு வழிகாட்டி இருக்கு, முதல் பதிப்பு 1999. ஒரு ஆப்பரேட்டருக்கு சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுக்கு மேல போகாம இருந்தாத்தான் சமாளிக்க முடியும்ங்கிறது அதுல உள்ள அளவு. அது சம்பளம் வாங்கிட்டு, முழிச்சுக்கிட்டு, அதே வேலையா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு. தூங்குற ஆளுக்கு என் அளவு ராத்திரிக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல போனா அவர் போனைச் சைலன்ட்ல போடுவார். போடணும், தப்பில்லை. அப்படிப் போட வைக்கிற செட்டிங்தான் தப்பு.

மலைக்காப்பி எஸ்டேட்ல 16 கேமராவும் போனுக்கு அனுப்புது. அத்தனையும் எதுக்குங்க? ராத்திரி ஆள் போகவே கூடாத இடம் எது எதுன்னு பேப்பர்ல எழுதுங்க. குடோன் கதவு. களத்துல காப்பி காயுற மாசத்துல களம். பங்களாவுக்குப் பின்னாடி வேலி. அவ்வளவுதான் வரும். அந்த மூணு மட்டும் போனுக்குப் போகட்டும். மத்த பதிமூணும் பேசாமப் பதிவு பண்ணட்டும்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 11, காலை 7.30

'சென்சிட்டிவிட்டியைக் குறைச்சாப் போதாதா'ன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. போதாது. பழைய மோஷன் டிடெக்‌ஷனுக்கு ஆள், மாடு, பூச்சி எதுவும் தெரியாது. முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் புள்ளி மாறியிருக்கா, எத்தனை கட்டத்துல மாறியிருக்குன்னு எண்ணும். லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்துல பறக்கிற விட்டில் பூச்சி, இருபது மீட்டர் தள்ளி நடக்கிற ஆளைவிடப் பெரிசாத் தெரியும். பூச்சியை விடுற அளவுக்குக் குறைச்சா ஆளையும் விட்டுரும்.

மலையில கூடுதலா மூணு தொல்லை.

முதல்ல சிலந்தி. கேமரா முகப்புல வந்து வலை கட்டும். ராத்திரி ஐஆர் விளக்கு (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்) எரிஞ்சதும் அந்த நூல் வெள்ளை வெளேர்னு ஜொலிக்கும். காத்துல ஆடினா ராத்திரி பூரா அலாரம். இதுக்கு எந்த மெனுவுலயும் மருந்து இல்லை. நீளக் குச்சியில துணியைச் சுத்தித் துடைக்கிறதுதான் வழி. தோட்டத்துல ஒருத்தருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்துருங்க.

அடுத்து பனி. கேமராவுக்குள்ளேயே ஐஆர் விளக்கு இருந்தா அந்த வெளிச்சம் பனியில பட்டு நேரா லென்ஸுக்கே திரும்பி வரும். திரையில பால் ஊத்தின மாதிரி இருக்கும். உள் விளக்கை அணைச்சுட்டு, தனி ஐஆர் விளக்கை ரெண்டு மூணு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டுல மாட்டினா நல்லாவே தெளியும். அடர் பனிக்கு அதுவும் ஆகாது. அன்னைக்குக் கேமராவை நம்பாதீங்க, கதவு சென்ஸரை நம்புங்க.

மூணாவது காட்டுமாடு. அதைத் தனியா எழுதுறேன்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 11, இரவு 9.15

காட்டுமாடு. மேல இருக்கிறவங்களுக்குத் தெரியும், காப்பிச் செடிக்கு நடுவுல கூட்டமா வந்து நிக்கும். ஒரு தோட்டத்துல பங்களா வரவேற்பறையில பெரிய டிவி வச்சு, அலாரம் வந்தா அந்தக் கேமரா முழுத் திரைக்கு வர்ற மாதிரி செட் பண்ணியிருந்தாங்க. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிங்க ராத்திரி உட்கார்ந்து சீட்டாடிக்கிட்டு இருந்திருக்காங்க. திடீர்னு திரை பூரா மூஞ்சி, மூச்சுவிடுறது ஆவியாத் தெரியுது. ஒருத்தர் சீட்டைப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடிட்டார். ஜெயிக்கிற கையாம், இன்னமும் சொல்லிப் புலம்புறார்.

இப்ப வர்ற கேமராக்கள்ல ஆள், வண்டின்னு பிரிச்சுப் பார்க்கிற வசதி இருக்கு. கோடு தாண்டுறது, எல்லைக்குள்ள நுழையுறது ரெண்டுலயும் 'ஆள்' மட்டும் டிக் பண்ணுங்க. மாடு, பூச்சி, சிலந்தி நூல் எல்லாம் பெரும்பாலும் வடிஞ்சிரும். மலைக்காப்பியோட 16ல எத்தனைல இந்த வசதி இருக்குன்னு பார்த்து, இருக்கிற கேமராவை அந்த மூணு இடத்துக்கு மாத்திப் போடுங்க. புதுசு வாங்காமலே பாதி வேலை முடிஞ்சிரும்.

ஆனா நடந்து பார்க்காம நம்பக் கூடாது. பகல்ல சட்டை போட்டு நிமிர்ந்து நடக்கிற ஆளை எல்லாக் கேமராவும் பிடிக்கும். ராத்திரி, மழையில, சாக்கை மடிச்சுத் தலையில மாட்டிக்கிட்டு, குனிஞ்சு, முதுகுல மூட்டையோட ஒருத்தரை நடக்கவிட்டுப் பாருங்க. அப்படி நடந்தவரை ஆள் இல்லைன்னு ஒதுக்கின கேமராவை நான் பார்த்திருக்கேன். உங்க மிளகை எடுத்துட்டுப் போனவங்களும் அப்படித்தானே நடந்திருப்பாங்க?

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 12, மதியம் 1.10

பட்டறைத்தம்பி: 'காட்டுமாட்டுக்கு முகம் பதிஞ்சு வச்சா, தெரிஞ்ச மாடுன்னு விட்டுருமா?'

ஏன் தம்பி, ரேஷன் கார்டும் வாங்கிக் குடுத்துரலாம்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 13, இரவு 10.30

மலைக்காப்பி மெனுவைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அலாரம் ஷெட்யூல் ராத்திரி 8ல இருந்து காலை 6 வரைக்கும். நல்லாத்தான் இருக்கு. திரை மூலையில ஓடுற நேரத்தைப் பார்த்ததும்தான் சந்தேகம் வந்தது. போட்டோ எடுத்தது மதியம் 12.10ன்னு போன் சொல்லுது, டிவிஆர் 2.40ங்குது.

ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுற கடிகாரத்தைப் பார்த்தா எனக்கு உடனே புரிஞ்சிரும். சீனாவுல இருந்து வர்றப்போ இருக்கிற +8 மணி நேர மண்டலம் அப்படியே இருக்கு. நமக்கு +5.30. இதோட விளைவைப் பாருங்க. ராத்திரி 8ன்னு அது நினைக்கிறப்போ நமக்கு சாயங்காலம் 5.30. காய வச்ச காப்பியை ஆளுங்க அள்ளிக்கிட்டு இருக்கிற நேரம், அப்பவே அலாரம் ஆரம்பிச்சிரும். காலை 6ன்னு நினைச்சு அது கண்ணை மூடுறப்போ நமக்கு விடியக்காலை 3.30. திருடனுக்கு வாகான நேரம் பூரா காவல் இல்லை.

கையால முள்ளைத் திருப்புற மாதிரி நேரத்தை மட்டும் மாத்தாதீங்க. முதல்ல நேர மண்டலம், அப்புறம் இன்டர்நெட் நேரம் வாங்குற என்டிபி. நம்ம தேசிய இயற்பியல் ஆய்வகமே என்டிபி சர்வர் வச்சிருக்கு, அதைக் கொடுக்கலாம். மண்டலத்தைத் திருத்தாம விட்டா அடுத்த தடவை நெட்ல நேரம் வாங்கினதும் பழையபடி போயிரும். டிவிஆர் போர்டுல காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போயிருந்தா கரண்ட் போய் வர்றப்பல்லாம் நேரம் பின்னாடி எங்கயோ ஓடிரும், அதையும் மாத்திருங்க.

பழைய பதிவைப் போலீஸ்ல கொடுக்கிறதா இருந்தா இந்த வித்தியாசத்தை எழுதியே கொடுங்க.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 16, காலை 8.00

மானிட்டர் பத்திப் பேச்சு வரும்னு தெரியும். 'ஆபீஸ்ல 43 இன்ச் டிவி வச்சு 16 கட்டம் ஓடுது, மேனேஜர் பார்த்துக்கிட்டே இருக்கார், அவருக்கு ஏன் தெரியலை?'

அவருக்குத் தெரியாது. தெரியவும் முடியாது. கண்காணிப்புப் படத்துக்கு ஐஈசி 62676-4னு ஒரு சர்வதேசத் தரம் இருக்கு, அதோட 2014 பதிப்புல உள்ள அளவைச் சொல்றேன். ஆள் இருக்கிறார்னு மட்டும் தெரியணும்னா ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 புள்ளி (பிக்சல்) வேணும். என்ன பண்றார்னு பார்க்க 62. தெரிஞ்ச ஆளை இவர்தான்னு சொல்ல 125. தெரியாத ஆளை அடையாளம் காட்ட 250. உங்க களம் கேமராவுல 40 மீட்டர் அகலம் தெரியுதுன்னு வைங்க. 4 மெகாபிக்சல் கேமராவுக்கு அகலம் 2560 புள்ளி, மீட்டருக்கு 64 வருது. பதிவுல பின்னாடி பார்த்தா ஆள் என்ன பண்றார்னு தெரியும், யாருன்னு தெரியாது. அதே படம் 1920 புள்ளி அகலமுள்ள ஃபுல் எச்டி டிவியில 16ல ஒரு கட்டமா வர்றப்போ அகலம் 480 புள்ளிதான், மீட்டருக்கு 12. ஆள் இருக்கிறதே தெரியணும்ங்கிற அளவுல பாதிகூட இல்லை. ஒரு ஆளோட உயரம் திரையில இருபது புள்ளி. அதுவும் கருப்பு வெள்ளையில, பனிக்குள்ள.

நாலு கட்டமாக் குறைச்சா 24. அங்கதான் கண்ணுக்குத் தட்டுப்பட ஆரம்பிக்கும். முழுத் திரையில 48. அலாரம் வந்தா அந்தக் கேமரா முழுத் திரைக்கு வரணும்னு நான் பிடிவாதம் பிடிக்கிறது இதுக்குத்தான்.

அதோட, மனுஷன் கண்ணும் அவ்வளவு நேரம் நிக்காது. 1999ல அமெரிக்காவுல பள்ளிக்கூடப் பாதுகாப்புக்காக அரசு வெளியிட்ட கையேட்டுலயே, மானிட்டரைப் பார்க்க ஆரம்பிச்ச இருபது நிமிஷத்துல பெரும்பாலானவங்களோட கவனம் ரொம்பக் கீழே போயிருதுன்னு எழுதியிருக்கு. மேனேஜர் மேல கோபப்படாதீங்க.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 16, இரவு 9.40

நான் மாட்டுற இடத்துல இப்பல்லாம் ரெண்டு திரை. எச்டிஎம்ஐ ஒண்ணுல நாலு கட்டம். அந்த நாலும் எதுன்னு உட்கார்ந்து பார்க்கிற ஆளே தேர்ந்தெடுக்கணும், முதலாளி இல்லை. ரெண்டாவது திரை கருப்பாவே இருக்கும். அலாரம் வந்தா மட்டும் அதுல படம் வரும். சும்மா கிடக்கிற திரை திடீர்னு வெளிச்சமானா தூங்கி வழியிறவரும் திரும்பிப் பார்ப்பார். 'காசு கொடுத்து வாங்கின டிவி ஏன் ஆஃப்ல கிடக்கு'ன்னு கேட்காத முதலாளி இன்னும் எனக்கு அமையலை.

அலாரம் படம் எத்தனை நொடி நிக்கணும்ங்கிறது தனி. பெட்டியோட வர்றது பெரும்பாலும் 10 நொடி. டீ கிளாஸை வச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள போயிரும். 30 வைங்க. ரெண்டு மூணு கேமரா சேர்ந்து அடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு வந்து அடிச்சுக்கும். முன்னுரிமை கொடுக்கிற வசதி இருந்தா குடோனுக்கு முதலிடம். இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது, அலாரம் கேமராவை இன்னும் குறைக்கணும்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 20, இரவு 10.15

பட்டறைத்தம்பி தனியாக் கேட்டதை இங்கேயே எழுதுறேன். செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கார். 'மலைக்காரர் கதை எனக்கு எதுக்கு, எங்ககிட்ட பனியும் இல்லை மாடும் இல்லை.'

உங்களுக்கு வேற தம்பி. பட்டறையில அசைவு அலாரத்துக்கு வேலையே இல்லை, வேலை நடக்கிற வரைக்கும் எல்லாமே அசைவுதான். உங்களுக்கு வேண்டியது டிவிஆர் தன்னைப் பத்திச் சொல்ற அலாரம். டிஸ்க் கெட்டுப்போச்சு, கேமரா ஒயர் போச்சு, லென்ஸை யாரோ மறைச்சுட்டாங்க, நெட் போச்சு. மெனுவுல 'எக்ஸப்ஷன்'னு ஒரு மூலையில கிடக்கும், யாரும் திறக்கிறதில்லை.

உங்க தெருவுக்குப் பக்கத்துத் தெருவுலயே ஒரு பட்டறை. டிவிஆரைப் பிளைவுட் அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தாங்க. உள்ளேயிருந்து பீப் பீப்னு சத்தம். யுபிஎஸ் கத்துதுன்னு நினைச்சு, புது பேட்டரி வாங்கிப் போட்டாங்க. சத்தம் நிக்கலை. யுபிஎஸ்ஸையே மாத்தினாங்க. நிக்கலை. கடைசியில ஒரு பையன் மெனுவுல பஸ்ஸரை அணைச்சிட்டான், எல்லாருக்கும் நிம்மதி. கம்பிச்சுருள் எடையில ஏதோ வித்தியாசம்னு பின்னாடி ஒருநாள் பதிவைத் தேடினப்போதான் என்னைக் கூப்பிட்டாங்க. டிஸ்க் செத்துக் கிடந்தது. அந்தச் சத்தம் பூரா அதுதான். திரையில கேமராப் படம் ஜம்முனு ஓடிக்கிட்டே இருந்ததால யாருக்கும் சந்தேகம் வரலை. நேரடிப் படத்துக்கு டிஸ்க் தேவையே இல்லையே.

அதனால டிஸ்க் கோளாறுக்கு மட்டும் பஸ்ஸர், போன், மெயில் மூணுமே வைங்க. கூடவே மாசம் பொறந்தா ஒருதடவை, நேத்து மதியம் மூணு மணிக்கு என்ன நடந்ததுன்னு ஒரு கேமராவைப் பின்னாடி ஓட்டிப் பாருங்க. அதைவிட நல்ல அலாரம் எனக்குத் தெரியலை.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 22, காலை 7.00

குடோன் கதவு சென்ஸர். டிவிஆருக்குப் பின்னாடி பச்சை நிறத்துல திருகு வச்ச கட்டை இருக்கும். 1, 2, 3, 4, பக்கத்துல ஜி (கிரவுண்ட்). அதுல ஒண்ணுலயும் ஜியிலயும் காந்த சென்ஸரோட ரெண்டு ஒயரையும் கொடுங்க. கதவு மூடியிருக்கிறப்போ சுற்று மூடியிருக்கணும், மெனுவுல என்.சி. (நார்மலி க்ளோஸ்டு, சாதாரணமா மூடின சுற்று). அப்பத்தான் ஒயரை வெட்டினாலும் அலாரம் வரும். என்.ஓ.ல (நார்மலி ஓப்பன், சாதாரணமாத் திறந்த சுற்று) வச்சா ஒயரை வெட்டினவனுக்கு வேலை சுலபம், டிவிஆர் கதவு மூடியிருக்குன்னே நினைச்சுக்கும். சென்ஸர் பெட்டியில அச்சடிச்சிருக்கிற என்.ஓ., என்.சி. எழுத்தை நம்பாதீங்க. காந்தம் பக்கத்துல இல்லாத நிலையை வச்சு எழுதுறவங்களும் உண்டு, இருக்கிற நிலையை வச்சு எழுதுறவங்களும் உண்டு. மல்டிமீட்டரைப் பீப்ல வச்சுக் காந்தத்தைக் கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க.

என்.சி.யிலயும் ஓட்டை உண்டு. ரெண்டு ஒயரையும் தோல் சீவி ஒண்ணா முறுக்கிட்டாக் கதவு எப்பவும் மூடியிருக்கிறதாத்தான் தெரியும். அதைப் பிடிக்க ஒயர் முனையில ரெசிஸ்டர் வச்சு அளக்கிற அலாரம் பேனல் வேணும், சாதா டிவிஆர் அதைப் பார்க்காது. மிளகு குடோனுக்கு அவ்வளவு போக வேண்டாம்.

சைரனுக்கு: அலாரம் அவுட் திருகுல 230 வோல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துறாதீங்க. உள்ளே இருக்கிறது சின்ன ரிலே (கரண்ட்டால தானா மாறுற ஸ்விட்ச்), அது தாங்காது. 12 வோல்ட்ல வெளியில ஒரு ரிலே வச்சு, அது வழியா சைரன்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 22, இரவு 8.50

'பிஐஆர் சென்ஸர் போதாதா, மலிவா இருக்கே'ன்னு கேட்டவருக்கு: அது உடம்புச் சூட்டுக்கும் பின்னாடி இருக்கிற சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்குது. ஏற்காடு குளிர்ல ராத்திரி பிரமாதமா வேலை செய்யும், காட்டுமாட்டுக்கும் சேர்த்து. கீழே சேலத்துல சித்திரை மாசம் தகர ஷெட்டுக்குள்ள வச்சீங்கன்னா சுவரும் மனுஷனும் கிட்டத்தட்ட ஒரே சூடு, மந்தமாயிரும். ஒரே பொருள்தான், மலைக்கு நல்லது, அடிவாரத்துக்குச் சுமார்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 27, இரவு 11.30

இதை எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன்.

மலைக்காப்பி அனுப்பின போட்டோவுல 11ஆம் கேமரா லைன் வீட்டுப் பாதையைப் பார்க்குது. அதுல எல்லை வரைஞ்சு அலாரமும் போட்டிருக்கு. லைன் வீட்டுல இருந்து கழிப்பறைக்குப் போற வழி அது. ராத்திரி எந்தப் பொம்பளை எத்தனை மணிக்கு வெளியில வந்தாங்கன்னு படத்தோட முதலாளி போனுக்கும் மேனேஜர் போனுக்கும் போகுது. அவர் கெட்ட எண்ணத்துல வைக்கலை. மாட்டின பையன் 'பாதை' வந்ததும் கோடு போட்டுட்டான், அவ்வளவுதான். இந்த மாதிரி எஸ்டேட்டை நான் ஏற்கனவே பார்த்திருக்கேன். அங்க மேனேஜர் காலையில ஒருத்தரைப் பார்த்து 'ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கம்மா போனீங்க'ன்னு கேட்டார். அந்தக் குடும்பம் பழம் பறிப்பு முடியுறதுக்கு முன்னாடியே கணக்கு முடிச்சுக்கிட்டுப் போயிருச்சு.

அண்ணே, 11ல அலாரத்தை எடுங்க. கேமராவையும் குடோன் பக்கம் திருப்புங்க. திருப்ப முடியாட்டி, பிரைவசி மாஸ்க்னு மெனுவுல இருக்கு, அந்தப் பகுதி மேல கருப்புக் கட்டம் வரைஞ்சிருங்க. அது பதிவுலயும் கருப்பாத்தான் விழும்.

ஒயர்மேன் சேலம் | நவம்பர் 28, காலை 6.20

'அந்தப் பாதையிலதான் மூட்டை போயிருந்தா?'ன்னு ஒருத்தர் கேட்கிறார். மூட்டை குடோன் கதவு வழியாத்தானே வெளியில வரணும்? கதவுல பிடிங்க.

மலைக்காப்பி 11ஐத் திருப்பிட்டேன்னு எழுதியிருக்கார். சந்தோஷம்.

ஒயர்மேன் சேலம் | டிசம்பர் 4, காலை 7.45

நேத்து தீபம். எதிர்பார்த்த மாதிரியே மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. வாசல் பூரா அகல், ஒவ்வொரு சுடரும் ஆடுது, வாசல் கேமரா ஒவ்வொண்ணையும் அசைவுன்னு எண்ணுது. ஒருத்தர் வீட்டுல சைரன் நேரம் 'மேனுவல்'ல இருந்திருக்கு. யாராவது வந்து அணைக்கிற வரைக்கும் அடிக்கும்னு அர்த்தம். அவங்க குடும்பத்தோட திருவண்ணாமலையில. தெருவே முழிச்சிருந்திருக்கு. சைரனுக்கு ஒரு நிமிஷம், மிஞ்சினா ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள திருடன் ஓடலைன்னா அவனுக்குக் காது கேட்காது.

ஒயர்மேன் சேலம் | டிசம்பர் 7, இரவு 9.30

நவம்பர் 9ல 'மூணு கேமரா மட்டும் போனுக்கு'ன்னு எழுதினதோட ஒண்ணு சேர்க்கணும். மலையில நெட்டை நம்பி அலாரம் வைக்க முடியாது. மழை ராத்திரியில நெட் போய், மூணு மணி அலாரம் காலையில ஆறு மணிக்கு மொத்தமா வந்து விழுறது சகஜம். அதனால வாட்ச்மேன் அறையில நெட் இல்லாம வேலை செய்யுற ஒரு பஸ்ஸரும் சின்ன சிவப்பு விளக்கும், நேரா ஒயர்ல. போன் அதுக்கு அப்புறம்தான்.

கேமரா ஒயர் நீளத்தைப் பத்தியும் இன்னொரு விஷயம். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல ஓடாது. அதுக்கு மேல ஆப்டிக்கல் பைபர் போடுங்க. கோடை மழை இடியில செம்பு ஒயர் இழுத்த தோட்டங்கள்ல ஸ்விட்ச், கேமரா, டிவிஆர்னு வரிசையாப் போறதைப் பார்த்திருக்கேன். பைபர்ல மின்சாரம் பாயாது.

ஒயர்மேன் சேலம் | டிசம்பர் 9, மதியம் 2.00

எத்தனை நாள் பதிவு வைக்கணும்னு சட்டம் இருக்கான்னு கேட்டாங்க. தனியார் எஸ்டேட்டைப் பத்தி நான் பேசலை. ஆனா போலீஸ் ஸ்டேஷன்களுக்கு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2ல, பரம்வீர் சிங் சைனி வழக்குல, 18 மாசம் பதிவு இருக்கணும்னு சொல்லியிருக்கு. அந்த அளவுக்குக் கருவி கிடைக்காட்டியும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. மலைக்காப்பியோட 16 கேமராவுக்கு 18 மாசக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 190 டிபி. காப்பி வித்த காசு டிஸ்க்குக்கே போயிரும்.

கோர்ட்டுக்குப் போறதா இருந்தா திரையைப் போன்ல வீடியோ எடுத்துக் கொடுக்காதீங்க. டிவிஆர்ல இருந்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க. 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய சாட்சிய சட்டம் நடைமுறையில இருக்கு, அதுல 63(4) பிரிவுப்படி சான்றிதழ் வேணும், கோப்போட ஹாஷ் எண்ணும் (கோப்பை மாத்தலைன்னு காட்டுற எண்) எழுதணும். வக்கீல்கிட்டக் கேட்டுக்கோங்க.

ஒயர்மேன் சேலம் | டிசம்பர் 14, இரவு 10.00

மலைக்காப்பி புது செட்டிங்ல ஓட்டிப் பார்த்துட்டு எழுதியிருக்கார். போன் ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டுதான் அடிக்குதாம். போன வாரம் ஒருநாள் குடோன் கதவு அலாரம் வந்து வாட்ச்மேன் போய்ப் பார்த்தா, உள்ள இருந்தது கணக்குப்பிள்ளை. சாவியை மறந்துட்டார்னு எடுக்க வந்திருக்கார். அவர் சொன்னது நெசமான்னு என்கிட்டக் கேட்காதீங்க அண்ணே, அது கேமரா வேலை இல்லை.

அவரோட கடைசிக் கேள்வி: 'வெளியூர்ல இருந்து பார்க்க ரவுட்டர்ல போர்ட் திறக்கச் சொல்றாங்க, திறக்கலாமா?' வேண்டாம். வெளியில இருந்து யாரு வேணாலும் டிவிஆர் கதவைத் தட்ட வழி விட்ட மாதிரி ஆயிரும். 2016ல மிராய்னு ஒரு வைரஸ், பாஸ்வேர்ட் மாத்தாத டிவிஆரையும் கேமராவையும் உலகம் பூராப் பிடிச்சு ஒரு படையாக்கி, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்குச்சு. கம்பெனி ஆப் வழியாவோ விபிஎன் (நெட்டுக்குள்ள பூட்டுப் போட்ட தனிப் பாதை) வழியாவோ பாருங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. போட்டோவுல பார்த்தேன், மானிட்டர் ஓரத்துல பேப்பர் ஒட்டி எழுதி வச்சிருக்கீங்க. அதை முதல்ல கிழிங்க.